ஐஸ்கட்டிக்குள் சிரித்த பல்செட்

எங்கள் ஊரில் ஒரே நாளில் இரண்டு பேர் கொலையான கதையைச் சொல்வதென்றால் பல்செட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கொலை என்றதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிணம் வரும். அதற்கு முன்னால் பல் வரும்.

மருந்துக்கடைக்கு மேலே, பதினான்கு படி ஏறினால், பல்செட்காரரின் அறை. அவர் பல் டாக்டர் இல்லை. பிடுங்குகிற டாக்டர் மூன்று தெரு தள்ளி இருந்தார். அவர் பிடுங்கி அனுப்புவார், இவர் கட்டி மாட்டுவார். எனக்குச் சித்தப்பா மகன், தம்பி முறை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர் தும்மினால் என் வீட்டு அலமாரியில் டம்ளர் ஆடும். எந்நேரமும் புருவத்தில் சுண்ணாம்பு மாவு அப்பியிருக்கும். முப்பது வயதிலேயே கிழவனைப் போல இருந்தவர், அறுபதிலும் அதே கிழவனாகவே இருந்தார்.

அறையின் ஒரு சுவர் முழுக்கத் தாடை. வாயில் அச்சு எடுத்து மாவில் வார்த்த தாடைகள், தட்டுத் தட்டாக, ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டு வரிசையாக நிற்கும். ஊரில் பாதிப் பேருடைய வாய் அந்தச் சுவரில் இருந்தது. பேச்சு மட்டும்தான் இல்லை. ஜன்னலோரம் ஒரு தட்டு. செய்து முடித்த பல்செட்டுகளைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு அதில் வைத்திருப்பார், தெருவைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. விளம்பரப் பலகைக்குப் பதிலாக அது.

அவருக்கு ஒரே ஒரு பெருமை.

"முப்பத்திரண்டு வருஷம். நான் கட்டின பல்லு ஒண்ணு திரும்பி வந்ததில்ல."

உண்மைதான். வந்ததில்லை. வரவிட்டால்தானே.

குறை சொல்ல யாராவது அந்தப் பதினான்கு படியையும் ஏறி வந்தால் இப்படித்தான் நடக்கும்.

"குத்துதுங்க."

"போட்டு எத்தனை நாளாச்சு?"

"ஒரு மாசம்."

"பழகிடும்."

மூன்று மாதம் என்றாலும் பழகிடும். ஒரு வருஷம் என்றாலும் பழகிடும். "ரத்தமே வருதுங்க" என்று ஒருத்தர் வாயைத் திறந்து காட்டியதற்கு, "பல்லு சரியாத்தான் இருக்கு. உங்க ஈறுக்குத்தான் இன்னும் பொறுமை வரல" என்று அனுப்பிவைத்தார். ஊரே அவருக்குப் 'பழகிடும்' என்று பேர் வைத்துவிட்டது. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு இவர் கட்டிய மேல் வரிசையில் ஓர் இடுக்கு. 'சரி' என்று சொன்னால் விசில் அடிக்கும். அவர் பஸ் நிறுத்தத்தில் நின்று யாரோடாவது பேசினால் ஆள் ஏறுவதற்கு முன்னாலேயே பஸ் கிளம்பிவிடும். பொய் என்பவர்கள் அந்த நிறுத்தத்தில் பஸ்ஸைத் தவறவிட்டவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

இவருக்கோ முப்பத்திரண்டும் சொந்தப் பல். கரும்பைக் கடிப்பார், ஆணியைக்கூடப் பல்லால் பிடிப்பார். குத்துவது என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்?

தொழிலில் ஒரு நல்ல பழக்கம் மட்டும் இருந்தது. கட்டிய ஒவ்வொரு செட்டிலும், அண்ணத்தில் ஒட்டுகிற உள்பக்கத்தில், சூடான ஊசியால் நம்பர் எழுதுவார். அதே நம்பர் தாடை அச்சிலும் இருக்கும், நோட்டிலும் இருக்கும். நோட்டில் நம்பருக்கு எதிரே பேர். அந்த நம்பர்தான் இந்தக் கதையை இழுத்துக்கொண்டு போகப்போகிறது.

இனி பிணத்துக்கு வருவோம்.

ஊர்க் கோடியில் ஐஸ் ஃபாக்டரி. அதற்குப் பெரிய முதலாளி, சின்ன முதலாளி என்று இரண்டு பங்காளிகள். இரண்டு பேரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்காருவார்கள். ஆனால் பதினோரு வருஷமாகப் பேச்சு கிடையாது. எதனால் என்று அவர்களுக்கே மறந்துபோயிருக்கும். நடுவில் மேனேஜர் நிற்பார்.

"ஃபேனைக் குறைக்கச் சொல்லுய்யா அவர்கிட்ட."

மேனேஜர் அந்தப் பக்கம் திரும்புவார். "ஃபேனைக் குறைக்கணுமாம் சார்."

"எனக்கு வேர்க்குதுன்னு சொல்லு."

இந்தப் பக்கம் திரும்புவார். "அவருக்கு வேர்க்குதாம் சார்."

"ஐஸ் ஃபாக்டரியில உட்கார்ந்துக்கிட்டு வேர்க்குதான்னு கேளு."

பதினோரு வருஷம் இப்படி. மேனேஜர் வாயைப் பெரிதாகத் திறக்காமல், உதட்டை அசைத்தும் அசைக்காமலும் மென்மையாகப் பேசுவார். எவ்வளவு பண்பானவர் என்று ஊரே மெச்சிக்கொள்ளும். நானும் மெச்சியிருக்கிறேன், ஒளிப்பானேன்.

ஒரு நாள் மத்தியானம் ஃபாக்டரியிலிருந்து மேனேஜர் அலறிக்கொண்டு ஓடிவந்தார். உள்ளே போய்ப் பார்த்தால், ஐஸாக உறைவதற்குத் தண்ணீர் டப்பாக்கள் வரிசையாக நிற்கும் தொட்டியோரம், இந்தப் பக்கம் பெரிய முதலாளி, அந்தப் பக்கம் சின்ன முதலாளி. இரண்டு பேருக்கும் மண்டையில் அடி. ஐஸ் உடைக்கிற மரச் சுத்தியல் கழுவித் துடைத்து, அதன் இடத்தில் மாட்டியிருந்தது. மதியம் ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நடந்திருக்கிறது. இரண்டு வீட்டிலிருந்தும் பெண்கள் ஓடிவந்து விழுந்து அழுததைப் பார்த்த பிறகு, அந்த வாரம் முழுவதும் எங்கள் தெருவில் யாரும் உரக்கச் சிரிக்கவில்லை.

எல்லாரையும்விட அதிகமாக அழுதவர் மேனேஜர்தான். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, எடுக்கவே இல்லை. சுடுகாட்டிலும் துண்டு, மறுநாளும் துண்டு. "சாப்பிடுங்க சார்" என்று யாரோ ரொட்டியை நீட்டினால், "துக்கத்துல மெல்ல முடியலம்மா" என்று பாலில் தோய்த்து விழுங்கினார். அப்படி ஒரு விசுவாசம் என்று ஊர் உருகியது.

கொலைக்கு மறுநாள் காலையில், மீன் கெட்டுவிடுமே என்று, மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் போயிற்று. மீன்காரம்மா சாக்கை விரித்து, பாறை மாதிரி இருந்த கட்டியை உடைக்க உளியை ஓங்கினால், கட்டிக்குள்ளிருந்து யாரோ சிரிக்கிறார்கள். மேல் வரிசைப் பல் முழுசாக. மீனுக்குத்தான் பல் முளைத்துவிட்டது என்று அந்தம்மா நினைத்ததாகச் சொல்வார்கள். நான் கேட்டதற்கு, "அதெல்லாம் இல்லக்கா, ஓங்கின கை இறங்கவே மாட்டேன்னுடுச்சு. மதியம் வரைக்கும் தூக்கினபடியே இருந்தேன்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் ஊருக்கு வந்த ஒன்பது வருஷத்தில் காணாமல் போன ஆடுகளைத் தவிர வேறு வழக்கைப் பார்க்காதவர். ஐஸ்கட்டியைச் சாக்கோடு தூக்கி ஸ்டேஷனில் வைத்து, உருகும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். உருகியதும் பல்லைத் திருப்பிப் பார்த்தார். ஆயிரத்து இருநூற்று ஆறு. அடுத்த அரைமணியில் பதினான்கு படியும் ஏறிவிட்டார்.

பழகிடும் பல்லைக் கையில் வாங்கினார். பெற்ற பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைத்துவிட்டுத் திரும்பக் கண்டெடுத்த முகம்.

"என் கைவேலைதான் சார். பாருங்க, ஐஸுக்குள்ள கிடந்தும் ஒரு கீறல் இல்ல. இருங்க, யாருதுன்னு சொல்றேன்." நோட்டைப் புரட்டினார். "ஆயிரத்து இருநூத்தி நாலு, அஞ்சு... ஆறு. சைக்கிள் கடை..."

அத்தோடு குரல் இறங்கிவிட்டது.

"சைக்கிள் கடை யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என் மச்சான் சார். பொண்டாட்டியோட அண்ணன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நம்பர் மாறியிருக்குமா?"

அங்கேதான் வந்தது வினை. அந்த ஒரு கேள்விக்கு 'இருக்கலாம் சார்' என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் எழுந்து நின்றது.

"மாறுறதா? என் கையிலயா?" என்று சுவரிலிருந்து ஆயிரத்து இருநூற்று ஆறாம் தாடையை எடுத்துப் பல்லை அதில் வைத்தார். டக்கென்று உட்கார்ந்தது. "பார்த்தீங்களா? ஒரு முடி நுழையாது."

சைக்கிள் கடைக்காரரின் விதியும் அதோடு உட்கார்ந்துவிட்டது. முந்தின வாரம்தான் ஃபாக்டரி லாரி பின்பக்கமாக வந்து அவர் கடை வாசலில் நின்ற ஏழு சைக்கிளைத் தட்டையாக்கியிருந்தது. அவர் ஃபாக்டரி வாசலில் போய் நின்று, "ரெண்டு பேரு மண்டையையும் உடைக்காம விடமாட்டேண்டா" என்று கத்தியதை மூன்று தெரு கேட்டிருந்தது. ஸ்டேஷனில் கேட்டார்கள்.

"உன் மேல் செட்டு எங்கய்யா?"

"ஆத்துல போட்டுட்டேன் சார்."

"ஏன்?"

"குத்துச்சு."

"எப்பப் போட்ட?"

"ஆறு வருஷமாச்சு."

"ஊர்ல கேட்டா, பல்செட்டை விசேஷத்துக்கு மட்டும்தான் போடுவேன்னு நீயே சொல்லியிருக்கியாமே?"

சொன்னதென்னவோ நிஜம். தங்கச்சி வீட்டுக்காரர் ஆசையாகக் கட்டிக் கொடுத்த பல்லை ஆற்றில் எறிந்தேன் என்று எந்த வாயால் சொல்வார்? தங்கச்சி மனம் நோகக்கூடாது என்று, "பத்திரமா வெச்சிருக்கேன், விசேஷத்துக்கு மட்டும் போடுவேன்" என்று ஆறு வருஷமாக ஒரு பொய்யைப் பராமரித்து வந்தார்.

"கொலையைவிட என்னய்யா பெரிய விசேஷம்?" என்று சொல்லி இன்ஸ்பெக்டர் அவரை உள்ளே வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பழகிடும் வீட்டில் பேச்சு நின்றது. அவர் மனைவி கடைசியாக ஒரு வாக்கியம் சொன்னாள்: "எங்கண்ணன் எறும்பு ஏறின டயரைக்கூட ஊதிட்டுத்தான் கழட்டுவாரு. அவரு பண்ணல." அவர், "நான் என்ன செய்ய, பல்லு சொல்லுது" என்றார். அத்தோடு சரி. அதற்குப் பிறகு எல்லாம் என் வழியாக.

"அக்கா, சாப்பாடு மேஜை மேல இருக்குன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"சாப்பாடு மேஜை மேல இருக்காம்டா."

"உப்பு குறைச்சலா இருக்குன்னு சொல்லுக்கா."

"உப்பு குறைச்சலாம்மா."

"எங்கண்ணன் சாப்பிடுற இடத்துல உப்பே கிடையாதாம்னு சொல்லுங்கக்கா."

நான்கு மாதம் இப்படியே நடந்தது. காலையில் மூன்று நடை, சாயங்காலம் நான்கு நடை. யாரிடம் யார் சொன்னது எது என்று குழம்பி, ஒரு நாள் அவள் அழுகையை இவரிடம் அழுதுவிட்டு, இவர் கோபத்தை என் வீட்டுப் பூனைமேல் காட்டினேன். நான்காம் மாதம், மேஜையடியில் தேங்காய் உடைக்கிற சுத்தியல் கண்ணில் பட்டபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் எடுத்து என் வீட்டுப் பரணில் போட்டுவிட்டேன்.

வழக்கு கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியது. அதற்கு முன்னால் ஒரு காகிதம் தேவைப்பட்டது. 'இந்தப் பல்செட் இந்த ஆளுடையதுதான், வாயில் மாட்டிச் சரிபார்த்தேன்' என்று கட்டியவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மச்சான் ஆயுசுக்கும் உள்ளேதான். நானும் அவர் மனைவியும் கூடவே ஸ்டேஷனுக்குப் போனோம். வீட்டுப் படி இறங்கும்போது அவள் என்னிடம், "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை எங்கண்ணன் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கக்கா" என்றாள். சொன்னேன். பக்கத்திலேயே நடந்துவந்த ஆளுக்கு.

மச்சானைக் கூட்டிவந்தார்கள். கன்னம் ஒட்டி, சட்டை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. "வாங்க மாப்ளே" என்றார், வீட்டு வாசலில் நின்று வரவேற்பவர் மாதிரி. பழகிடும் தரையைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் பையைப் பிரித்து, கழுவி, பல்லை நீட்டினார். மச்சான் பயந்து பயந்து வாயில் வைத்தார். வைத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், குத்தப்போகிறது என்று. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். இன்னொரு கண்ணையும் திறந்தார். நாக்கால் உள்ளே துழாவினார். இன்ஸ்பெக்டர் மேஜைமேல் ஒரு ஆப்பிள் இருந்தது. யாரும் தடுப்பதற்குள் எடுத்துக் கடித்தார். கறக்கென்று ஸ்டேஷன் முழுக்கக் கேட்டது.

"மாப்ளே!" முகமெல்லாம் வெளிச்சம். "இது எந்தக் கடையில செஞ்சது? பூ மாதிரி உட்காருது! உங்ககிட்டயும் ஒரு பல்லு வாங்கினேனே, முள்ளுக் கம்பி. அவரு யாருன்னு விசாரிச்சுத் தொழிலைக் கத்துக்கோங்க மாப்ளே!"

போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். "அவ்வளவுதான், கச்சிதமாப் பொருந்திடுச்சு. கையெழுத்துப் போடுங்க" என்று இன்ஸ்பெக்டர் காகிதத்தைத் தள்ளினார்.

பழகிடும் பேனாவை எடுத்தார். எடுத்தவர் எழுதவில்லை. மச்சான் ஆப்பிள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுத்தண்டு வரைக்கும் வந்துவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மனிதர் மூன்று தடவை படியேறி வந்து ரத்தம் காட்டினார். பொண்டாட்டி வீட்டு ஆட்கள் குறை சொல்லாமல் இருந்தால்தானே அதிசயம் என்று இவர் மூன்று தடவையும் 'பழகிடும்' சொல்லித் திருப்பி அனுப்பினார். இந்தப் பல் இப்படிப் பூ மாதிரி உட்காருமென்றால், அன்று ரத்தம் வந்தது எந்தப் பல்லால்?

"சார், அந்தப் பல்லைக் கொஞ்சம் வாங்கித் தாங்க" என்றார். மச்சான் மனமில்லாமல் கழற்றிக் கொடுத்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார். இடப்பக்கப் பற்கள் மழுமழுவென்று தேய்ந்திருந்தன, வலப்பக்கம் நேற்றுக் கட்டின மாதிரி. "மச்சான், வாயைத் திறங்க." கீழே சொந்தப் பல் மூன்றே மூன்று. மூன்றும் வலப்பக்கம். இடப்பக்கத்தில் மென்று தேய்க்க அவரிடம் ஒன்றுமே இல்லை.

எனக்குத் தெரிந்து அவர் முகத்தில் சுண்ணாம்பு இல்லாமல் வெளுத்தது அன்றுதான். ஜன்னலோரத் தட்டு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அதில் இரண்டு டம்ளர், இரண்டு செட். இடது டம்ளர் மச்சானுக்கு, வலது டம்ளர் இன்னொருவருக்கு என்று வைத்திருந்தார். தெருவில் ஏதோ ஊர்வலம். நாலு பேர் பார்க்கட்டுமே என்று, உள்பக்கம் பார்த்திருந்த தட்டைத் தூக்கித் திருப்பி வைத்தார், பற்கள் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க. தட்டு திரும்பினால் இடது வலதாகும் என்பது பள்ளிக்கூடம் போகாத ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். கொடுக்கும்போது நம்பரைப் பார்த்தாரா? மாட்டார். "என் பல்லை முகத்தை வெச்சே கண்டுபிடிப்பேன்" என்கிறவர். வாயில் மாட்டிப் பார்த்தாவது அனுப்பினாரா? அந்தப் பேச்சே கிடையாது.

பேனாவைக் கீழே வைத்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன? சத்தமாச் சொல்லுங்க."

"பல்லை மாத்திக் கொடுத்துட்டேன் சார்."

"யாரு?"

"நான்தான். மச்சானுக்குக் கட்டினதை இன்னொருத்தருக்கும், அவருக்குக் கட்டினதை மச்சானுக்கும். இந்தப் பல்லு மச்சான் வாய்க்குள்ள இன்னைக்குத்தான் முதல் தடவையா போகுது. அதனாலதான் பொருந்துது."

இன்ஸ்பெக்டர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். "பொருந்தறதால இவரு பண்ணலங்கறீங்க. பொருந்தலேன்னா?"

"பொருந்தலேன்னாலும் இவரு பண்ணல சார்."

"அப்ப எப்படித்தான்யா உள்ள வைக்கிறது?" என்று இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்தார். ஏட்டு காகிதத்தோடு வந்து, "எழுத்துல வேணும் சார். 'என் தவறு' அப்படின்னு போட்டு, கீழ கையெழுத்து" என்றார். முப்பத்திரண்டு வருஷத்தை ஒரு வரியில் எழுதிக் கொடுத்தார்.

அவர் மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். என்னைத் தாண்டி, நேராக அவரைப் பார்த்து: "தண்ணி குடிக்கிறீங்களா?"

எனக்கு அன்றோடு வேலை போயிற்று. நிம்மதி.

நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஆயிரத்து இருநூற்று ஏழு: ஐஸ் ஃபாக்டரி மேனேஜர்.

மேனேஜர் வந்தார். அதே துண்டு, அதே மென்மை. இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"உங்க மேல் செட்டு எங்க சார்?"

"துக்கத்துல கழட்டி வெச்சிட்டேன் சார். முதலாளிங்க போனப்புறம் எதையும் மெல்ல மனசு வரல."

"எங்க வெச்சீங்க?"

"வீட்டைக் காலி பண்ணினப்ப எங்கயோ..."

கெட்டிக்காரர். எந்தக் கேள்விக்கும் அசையவில்லை. இடப்பக்கப் பல்லைப் பற்றிக் கேட்டால், "உலகத்துல இடப்பக்கம் மெல்றவங்க எத்தனையோ பேரு சார்" என்கிறார். அரைமணி நேரம் போயிற்று. இன்ஸ்பெக்டருக்கு வேர்த்தது.

மூலையில் உட்கார்ந்திருந்த பழகிடும் அப்போது நாற்காலியை முன்னால் இழுத்தார். போலீஸ் மூளையெல்லாம் அவருக்குக் கிடையாது. தப்புப் பண்ணிய மனுஷனுக்கு உள்ளே குடைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"சார், அந்தப் பல்லு உங்களுக்குச் சரியா உட்கார்ந்துச்சா?"

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். "என்ன கேட்டீங்க?"

"பல்லு. நாலு தடவை வந்தீங்க. நான் கேட்டுக்கவே இல்ல. எங்க வலிச்சுது உங்களுக்கு?"

மேனேஜர் துண்டை வாயிலிருந்து எடுத்தார். பதினோரு வருஷமாக அவர் சொன்னதெல்லாம் அடுத்தவர் சொன்னது. உனக்கு எப்படி இருக்கிறது என்று அந்த மனிதரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"எங்கன்னு கேட்கறீங்களா? எங்க வலிக்கலேன்னு கேளுங்க! ஆறு வருஷம் அண்ணத்துல செருப்பு மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்! கீழ விழுந்துடக் கூடாதுன்னு நாக்காலயே முட்டுக் கொடுத்துப் பிடிச்சுக்கிட்டு, உதட்டைத் திறக்காமப் பேசினா ஊரு பண்பான ஆளுங்குது! உங்ககிட்ட வந்தா..."

பழகிடும் வாய் 'ப' என்று குவிந்தது. வாயை மூடிக்கொண்டார். "சொல்லுங்க" என்றார்.

"ஒரு தடவை சத்தமாக் கொட்டாவி விட்டதில்ல! சிரிச்சதில்ல! திட்டினதில்ல! அன்னைக்கு ஒரு நாள்தான். எந்த டப்பாவை முதல்ல தூக்கறதுன்னு தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தரு, அந்தப் பக்கம் ஒருத்தரு. அவன்கிட்ட சொல்லு, இவன்கிட்ட சொல்லு, அவன்கிட்ட சொல்லு... 'நீங்களே பேசித் தொலைங்கடா'ன்னு கத்திட்டேன். முதல் தடவையா வாயைத் திறந்து கத்தினேன். பல்லு பறந்து டப்பாவுக்குள்ள போயிடுச்சு. அதைப் பார்த்து ரெண்டு பேரும்..." நிறுத்தினார். "ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சாங்க சார். பதினோரு வருஷத்துல முதல் தடவையா சேர்ந்து சிரிச்சாங்க. என்னைப் பார்த்து. கையில சுத்தியல் இருந்துச்சு."

ஏட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இருநூறு டப்பா சார்" என்றார் கடைசியில், பழைய மென்மையோடு. "பல்லைத் தேடித் தேடிக் கையெல்லாம் மரத்துப்போச்சு. அதுக்குள்ள ஆளுங்க வந்துட்டாங்க."

மேனேஜருக்கு ஆயுள் தண்டனை ஆயிற்று. அவர் செய்ததை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வீட்டு விளக்கை அணைத்தவர். ஆனால் அன்று என் பரணில் இருந்த சுத்தியலை நினைத்துக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்ஸ்பெக்டர் பழகிடும் முதுகில் தட்டிக் கொடுத்தார். "நீங்க மட்டும் சரியான பல்லைக் கொடுத்திருந்தா, அது விழுந்திருக்காது. விழலேன்னா இந்தக் கேஸே கிடைச்சிருக்காது. ரொம்ப நன்றிங்க." பாராட்டா, திட்டா என்று தெரியாமல் இவர் கும்பிட்டுவிட்டு வந்தார்.

மச்சான் வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பல்லு எங்க?" என்பதுதான். சாட்சிப் பொருள், கோர்ட்டு பீரோவில் இருக்கும், அப்பீல் முடியும்வரை தரமுடியாது என்றார்கள். "என் வாழ்க்கையிலேயே எனக்குப் பொருந்தின ஒரே பொருளைப் பூட்டி வெச்சுட்டாங்களே" என்று கோர்ட்டு வாசலில் நின்று புலம்பினார். ஜெயிலில் இருந்தபோதுகூட அப்படி அழவில்லை.

பழகிடும் ஆயிரத்து இருநூற்று ஆறாம் தாடையை மறுபடி இறக்கிப் புதுச் செட் கட்டினார். முதல் முறையாக, நாற்காலியில் உட்காரவைத்து, மாட்டி, "குத்துதா?" என்று கேட்டார்.

"லேசா."

"எங்க?"

மச்சான் காட்டினார். இவர் தேய்த்தார். மறுபடி மாட்டினார், மறுபடி கேட்டார். மதியம் ஆயிற்று. குத்துவது எப்போதோ நின்றிருக்கும். ஆனால் மாப்பிள்ளை தன்னிடம் இப்படிக் குனிந்து கேட்பது மச்சானுக்குப் பிடித்துப்போய், சாயங்காலம் வரை இல்லாத குறையையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால், பதினான்கு படியிலும் ஆள், மருந்துக்கடையைத் தாண்டி வரிசை. ஆளுக்கொரு டப்பா, கைக்குட்டை, காகிதப் பொட்டலம். கண்டக்டர் முதல் ஆளாக நின்று "சரி, கதவைத் திறங்க" என்றார். தெருக்கோடியில் பஸ் கிளம்பிவிட்டது.

பழகிடும் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, "எங்க வலிக்குது?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். பதினொரு நாள். அவர் மனைவி எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்துக்கொண்டு.

பதினொன்றாம் நாள் வரிசையில் கடைசி ஆள் நான். மேல் செட்டைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பி நம்பரைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அக்கா, இது தபால்காரரோட பல்லு."

"அப்படியா?"

"ஒன்பது வருஷமாச்சே! வலிக்கலயா? ஏன் சொல்லல?"

அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. பல்லை அவர் கையிலிருந்து வாங்கி வாயில் மாட்டிக்கொண்டேன்.

"பழகிடுச்சுடா" என்றேன்.